நான்கு புள்ளி இடைவெளி: 1982இல் ஆஃபலி கெரியை வென்ற கதை

[திரையில்: மழை பெய்யும் பச்சை மைதானம். ஸ்கோர்போர்டில் கெரி 17, ஆஃபலி 13.]

1982 செப்டம்பர் 19, ஞாயிற்றுக்கிழமை. அயர்லாந்தின் டப்ளின் நகரத்தில் குரோக் பார்க் மைதானம். 62,309 பேர் உட்கார்ந்தும் நின்றும் நனைந்துகொண்டிருக்கிறார்கள். கேலிக் கால்பந்தின் இறுதிப் போட்டி முடிய இன்னும் பத்து நிமிடம்கூட இல்லை. கெரி நான்கு புள்ளி முன்னிலையில் இருக்கிறது. 1978, 1979, 1980, 1981 என்று நான்கு வருஷமும் கோப்பையை வென்ற அணி அது. ஐந்தாவது கோப்பை கைக்கெட்டும் தூரத்தில்.

அந்தக் கோப்பை கெரிக்குக் கிடைக்கவில்லை. நடுப்பகுதியில் இருக்கும் ஆஃபலி என்ற சின்னக் கவுண்டி ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தது.

இந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசும் எல்லோரும் கடைசியில் விழுந்த ஒரு கோலைத்தான் காட்டுவார்கள். அழகான கோல்தான், மறுக்கவில்லை. ஆனால் ஸ்கோர்போர்டில் அந்த நான்கு புள்ளி இடைவெளி அப்படியே இருந்திருந்தால், அந்தக் கோல் எதற்கும் உதவியிருக்காது. ஏன் என்று புரிய, முதலில் ஆட்டத்தின் கணக்கு தெரிய வேண்டும்.

[திரையில்: ஆங்கில ஹெச் எழுத்து வடிவக் கோல்கம்பம்.]

கேலிக் கால்பந்தில் ஒரு பக்கம் 15 பேர். பந்தைக் கையிலும் எடுக்கலாம், காலாலும் உதைக்கலாம். கையில் வைத்துக்கொண்டே ஓடிவிட முடியாது. நான்கு அடி வைத்ததும் பந்தைத் தரையில் தட்ட வேண்டும், இல்லையென்றால் காலில் விட்டு மறுபடி கைக்கு ஏற்ற வேண்டும். அந்தக் காலத்தில் கோல்கம்பத்தின் குறுக்குக் கட்டைக்கு மேலே பந்து போனால் 1 புள்ளி. கட்டைக்குக் கீழே, கோல்கீப்பரைத் தாண்டி வலைக்குள் போனால் கோல், அதற்கு 3 புள்ளி. ஸ்கோரை இரண்டு எண்களாக எழுதுவார்கள். 1-15 என்றால் ஒரு கோல், பதினைந்து புள்ளி. மொத்தம் 18.

ஆக, நான்கு புள்ளி பின்தங்கியவன் ஒரு கோல் போட்டாலும் தோற்பான். மூன்று பின்தங்கியிருந்தால் சமன் ஆகும். இரண்டுதான் இடைவெளி என்றால் ஒரு கோல் போதும், ஜெயித்துவிடலாம். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி இதற்குத்தான் வருவோம்.

இன்னொரு விஷயம். இந்த ஆட்டத்தில் சம்பளம் கிடையாது. பகலில் வேலை, மாலையில் பயிற்சி. உங்கள் ஊர்க் கிளப்புக்கு ஆடுவீர்கள், நன்றாக ஆடினால் உங்கள் கவுண்டிக்கு ஆடுவீர்கள். கவுண்டி என்பது நம் மாவட்டம் மாதிரி. பணம் கொடுத்து வெளியூர் நட்சத்திரத்தை இழுத்து வருவது என்ற பேச்சே இல்லை. அந்த மண்ணில் யார் இருக்கிறார்களோ அவர்களை வைத்துத்தான் அணி. அதோடு அந்தக் காலத்தில் போட்டி முழுக்க நாக் அவுட். மாகாண அளவில் ஒரு தோல்வி என்றாலே அந்த வருஷம் முடிந்தது. கோப்பை வெல்லும் அணிகூடக் கைவிரல் விட்டு எண்ணும் அளவு ஆட்டங்கள்தான் ஆடும்.

இப்போது ஆஃபலியைப் பாருங்கள்.

[திரையில்: சதுப்பு நிலம். வெட்டி அடுக்கிய பீட் கட்டிகள்.]

மொத்த மக்கள்தொகையே சுமார் 58,000. இறுதிப் போட்டி நாளில் குரோக் பார்க்கில் இருந்த கூட்டம் அதைவிடப் பெரியது. நிலத்தில் பெரும்பகுதி சதுப்பு. அதை வெட்டிக் காயவைத்தால் கிடைக்கும் பீட்தான் அங்கே அடுப்புக்கும் எரிபொருள், மின்சாரத்துக்கும் எரிபொருள். ஃபெர்பேன், ரோட் என்ற இரண்டு ஊர்களிலும் பீட் எரிக்கும் மின்நிலையங்கள் இருந்தன. இந்த ஊர்ப் பெயர்கள் முக்கியம். ஃபெர்பேனிலிருந்து லோரி சகோதரர்கள் மூன்று பேர் அணிக்கு வந்தார்கள்: ஷான், மிக், பிரெண்டன். ரோட் ஊரிலிருந்து வந்தவர் ஷேமஸ் டார்பி. வால்ஷ் ஐலண்ட் கிளப்பிலிருந்து கேப்டன் ரிச்சி கானரும் அவர் தம்பி மாட் கானரும். அதே கிளப்பிலிருந்து லியம், டோமாஸ் என்று இன்னும் இரண்டு கானர்கள். பின்களத்தில் ஃபிட்ஸ்ஜெரால்ட் சகோதரர்கள். ஒரே வீட்டுச் சாப்பாட்டு மேசையிலிருந்து இரண்டு பேர், மூன்று பேர் எழுந்து வந்து கவுண்டி அணியில் நின்றார்கள் என்றால், அது எவ்வளவு சின்ன வட்டம் என்று யோசித்துப் பாருங்கள்.

இவர்களைச் சேர்த்து அணியாக்கியவர் வெளியூர்க்காரர். யூஜீன் மெக்கீ, லாங்ஃபோர்ட் கவுண்டியைச் சேர்ந்தவர். பெரிய ஆட்டக்காரராக அவருக்குப் பெயர் கிடையாது. டப்ளினில் பல்கலைக்கழக அணியை நடத்தி, 1974, 1975 இரண்டு வருஷமும் கிளப்களுக்கான அகில அயர்லாந்துப் பட்டத்தை வென்று காட்டியிருந்தார். 1976இல் ஆஃபலி அவரை அழைத்தது.

உடனே எதுவும் நடந்துவிடவில்லை. இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியே இதுதான்: வருஷத்துக்கு ஒரு படி. 1979இல் லென்ஸ்டர் மாகாண இறுதியில் டப்ளினிடம் தோல்வி, அதுவும் கடைசி நேரத்தில் பெர்னார்ட் புரோகன் போட்ட கோலால். கடைசி நிமிடத்துக் கோல் எப்படி வலிக்கும் என்று ஆஃபலி அன்றைக்கே கற்றுக்கொண்டது. 1980இல் அதே டப்ளினை வென்று மாகாணக் கோப்பையை எடுத்தார்கள். அரையிறுதியில் எதிரே வந்தது கெரி. 4-15க்கு 4-10 என்று தோல்வி. ஆனால் ஆஃபலி எடுத்த 22இல் மாட் கானர் ஒருவர் மட்டும் 2-9, அதாவது 15. 1981இல் இறுதிப் போட்டிக்கே போனார்கள். மறுபடியும் கெரி, மறுபடியும் தோல்வி, 1-12க்கு 0-8.

இரண்டு வருஷம் தொடர்ந்து ஒரே அணியிடம் அடி வாங்கியிருக்கிறார்கள். அதே சமயம், கெரியை மிக நெருக்கத்தில் பார்த்தவர்களும் இவர்கள்தான்.

சரி, கெரி அப்படி என்ன அணி? பயிற்சியாளர் மிக் ஓட்வயர். நடுக்களத்தில் ஜாக் ஓஷே, பின்களத்தில் பாடி ஓ ஷே, முன்களத்தில் மைக்கி ஷீஹி, ஜான் ஈகன், இயோன் லிஸ்டன். இதுவரை ஆடிய அணிகளிலேயே சிறந்தது இதுதான் என்று இன்றும் பலர் சொல்வார்கள், நானும் அந்தக் கட்சிதான். தொடர்ந்து நான்கு முறை வெல்வது அதற்கு முன்பும் நடந்திருக்கிறது: வெக்ஸ்ஃபோர்ட் 1915 முதல் 1918 வரை, பழைய கெரி அணி 1929 முதல் 1932 வரை. ஐந்து? அதுவரை யாராலும் முடிந்ததில்லை. 1982இல் அது நடந்துவிட்ட மாதிரியே பேச்சு. ஆட்டம் தொடங்கும் முன்பே ‘ஐந்து தொடர்ச்சி’ என்று பாட்டு வந்துவிட்டது, டி-ஷர்ட் அச்சாகிவிட்டது. பேட் ஸ்பில்லேன் முழங்கால் காயத்தோடு மாற்று ஆளாக உட்கார்ந்திருந்தார், ஜிம்மி டீனிஹன் கால் முறிந்து ஆடவே இல்லை. அதையெல்லாம் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆஃபலியின் அந்த வருஷப் பயணத்தில் இரண்டு ஆட்டங்களைச் சொல்ல வேண்டும். லென்ஸ்டர் இறுதியில் டப்ளினை 1-16க்கு 1-7 என்று நொறுக்கினார்கள். அடுத்து அரையிறுதி, கால்வேயுடன். 1-12க்கு 1-11. ஒரு புள்ளி. கொஞ்சம் சறுக்கியிருந்தால் அங்கேயே வருஷம் முடிந்திருக்கும்.

அப்புறம் செப்டம்பர் 19.

[திரையில்: முதல் பாதி காட்சிகள்.]

முதல் பாதி அருமையான ஆட்டம். இரண்டு பக்கமும் மாறி மாறிப் புள்ளிகள், இடைவேளையில் ஆஃபலி ஒரு புள்ளி முன்னே. இரண்டாம் பாதியில் மழை பிடித்துக்கொண்டது, கெரியும் பிடித்துக்கொண்டது. அப்போதுதான் கெரிக்கு ஒரு பெனால்டி. உதைக்க வந்தவர் மைக்கி ஷீஹி. எதிரே கோல்கீப்பர் மார்ட்டின் ஃபர்லாங், 1971, 1972இல் ஆஃபலி கோப்பை வென்றபோதும் கோல் காத்தவர்.

ஃபர்லாங் தடுத்துவிட்டார்.

கணக்கை நினைவில் வைத்திருக்கிறீர்களா? பெனால்டி உள்ளே போயிருந்தால் 3 புள்ளி. அதற்குப் பிறகும் கெரி முன்னேறி நான்கு புள்ளி இடைவெளியைத் தொட்டது. அந்த மூன்றும் சேர்ந்திருந்தால் ஏழு. ஏழு புள்ளி பின்தங்கிய அணிக்குக் கடைசி நிமிடங்களில் இரண்டு கோல் போட்டாலும் போதாது. கடைசியில் ஷேமஸ் டார்பி போட்ட அந்தக் கோல் கொண்டாடப்படும் அளவுக்கு இந்தத் தடுப்பும் கொண்டாடப்பட வேண்டும் என்பது என் கருத்து.

[திரையில்: 17-13. பிறகு 17-14. பிறகு 17-15.]

அடுத்து மாட் கானர். இரண்டு ஃப்ரீ கிக். அந்தக் காலத்தில் ஃப்ரீ கிக்கைக் கையிலிருந்து உதைக்க முடியாது, பந்தைத் தரையில் வைத்துத்தான் அடிக்க வேண்டும். தரை முழுக்க ஈரம், ஊன்றும் கால் எப்போது வேண்டுமானாலும் வழுக்கும். நேரம் ஓடுகிறது. முதல் பந்து கட்டைக்கு மேலே. இடைவெளி மூன்று. இரண்டாவதும் கட்டைக்கு மேலே. இடைவெளி இரண்டு.

இப்போதுதான் ஒரு கோல் ஜெயிக்க வைக்கும்.

ஷேமஸ் டார்பி ஆட்டத்துக்குள் வந்து சில நிமிடங்கள்தான் ஆகியிருந்தன, ஜான் கினனுக்கு மாற்றாக. 1972இல் கோப்பை வென்ற ஆஃபலி அணியில் இருந்தவர். பிறகு ஒதுக்கப்பட்டு, இந்த வருஷம்தான் திரும்ப அழைக்கப்பட்டிருந்தார். ஆட்டம் முடிய இரண்டு நிமிடம் இருக்கும். லியம் கானர் நீளமாக, உயரமாக ஒரு பந்தைத் தூக்கிப் போட்டார். கெரியின் டாமி டாய்ல் கீழே நிற்கிறார், அவருக்குப் பின்னால் டார்பி. டாய்ல் கைக்கு எட்டவில்லை, டார்பி பிடித்தார், திரும்பினார், உதைத்தார். கெரி கோல்கீப்பர் சார்லி நெல்லிகன் தலைக்கு மேலே பந்து வலையில்.

டார்பி டாய்லின் முதுகில் கைவைத்துத் தள்ளினாரா? நாற்பது வருஷத்துக்கு மேலாகியும் கெரியில் இந்தக் கேள்விக்கு ஓய்வில்லை. நடுவர் விசில் ஊதவில்லை, அவ்வளவுதான்.

கெரி கடைசியாக ஒரு முறை ஏறி வந்தது. ஆஃபலி பின்களம் விடவில்லை. விசில். ஆஃபலி 1-15, கெரி 0-17. பதினெட்டுக்குப் பதினேழு. சாம்பியனுக்குத் தரும் சாம் மகுவயர் கோப்பையை ரிச்சி கானர் தூக்கினார்.

கெரி அணி இதோடு உடைந்துவிடவில்லை. 1984, 1985, 1986 மூன்று வருஷமும் அவர்களே வென்றார்கள். ஐந்து தொடர்ச்சி என்ற சாதனைக்கு 2019 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. செய்தது டப்ளின், அதுவும் இறுதியில் கெரியையே மறு ஆட்டத்தில் வென்று. அதே 2019 மே மாதம் யூஜீன் மெக்கீ காலமானார். ஜூலையில் பிரெண்டன் லோரியின் மகன் ஷேன் லோரி, கோல்ஃப் உலகின் ஓபன் சாம்பியன் பட்டத்தை வென்றார்.

ஆஃபலி 1982க்குப் பிறகு இந்தக் கோப்பையை வென்றதில்லை.

மாட் கானர் அன்றைக்கு எடுத்தது ஏழு புள்ளி. இரண்டு காலாலும் அடிக்கத் தெரிந்தவர். 1984 கிறிஸ்துமஸ் அன்று கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு, அதற்குப் பின் அவரால் நடக்க முடியவில்லை. அப்போது அவருக்கு வயது 25.

இணையத்தில் அந்தக் கோல் சுலபமாகக் கிடைக்கும். பாருங்கள். பார்த்ததும் ஒரு ஐந்து நிமிடம் பின்னால் தள்ளுங்கள். மழையில் ஒருவர் குனிந்து பந்தைத் தரையில் வைத்துக்கொண்டிருப்பார், ஸ்கோர் 17-13.

[திரையில்: மாட் கானர் பின்னால் நகர்ந்து, ஓடி வரத் தொடங்குகிறார். காட்சி முடிகிறது.]