சளி கொடுத்த அன்றே முடிவு வேண்டும்

விழாத் தலைவர் அவர்களே, பொன்னாடை போர்த்திய மகளிர் குழுச் சகோதரிகளே, நோயாளிகளைப் பார்த்துவிட்டு நேரே இங்கே வந்திருக்கும் டாக்டர் அம்மா அவர்களே, முன்னாள் மாமன்ற உறுப்பினர் ஐயா அவர்களே, மழை மிரட்டியும் அல்சூர் வரை வந்திருக்கும் தமிழ்ச் சொந்தங்களே, வணக்கம். ஒவ்வோர் ஆண்டும் இந்த மேடையில் எனக்கு இடம் தரும் நிர்வாகிகளுக்கு நன்றி. காலையிலிருந்து பந்தல் போட்ட தம்பிகளுக்கும் நன்றி.

இரண்டு விஷயம் சொல்ல வந்தேன். காசநோய்க் கிருமியைச் சில்லில், அதாவது சின்ன 'சிப்'பில், பிடிப்பது எப்படி, அந்தச் சோதனை நமக்கு எந்த நேரத்தில் கிடைக்க வேண்டும்.

"கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமா?" என்று என் அம்மா கேட்பார். ஆய்வுக்கூடத்தில் டெக்னீஷியனாக இருந்த 31 ஆண்டும் அந்தக் கேள்வி என் காதில் ஒலித்தது.

கோலார் தங்கவயல் அண்ணன் ஒருவர். சுரங்கம் 2001இல் மூடிய பிறகு பெயிண்டர் ஆனவர். விடியற்காலை மாரிக்குப்பத்தில் ரயில் ஏறி பெங்களூரு வந்து, ராத்திரி வீடு திரும்புவார். இருமலோடு எங்களிடம் வந்தார். முதல் நாள் டப்பாவில் கொடுத்தது வெறும் எச்சில். "அடிவயிற்றிலிருந்து இருமித் துப்புங்கண்ணே" என்று திருப்பி அனுப்பினேன். மறுநாளும் வந்தார், இரண்டு நாள் கூலி போச்சு. மைக்ரோஸ்கோப்பில் ஒன்றும் தெரியவில்லை. ஒரு மில்லி சளியில் 5,000, 10,000 கிருமி இருந்தால்தான் அதில் கண்ணுக்குப் படும். சரி, வளர்த்துப் பார்ப்போம் என்று அனுப்பினோம். காசநோய்க் கிருமி ஒன்று இரண்டாகவே ஏறத்தாழ ஒரு நாள் ஆகும். ஆறாவது வாரம் முடிவு வந்தது: டிபி. அவர் போன் எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நானே ரயில் ஏறிப் போனேன். திண்ணையில் அவருடைய எட்டு வயதுப் பெண் உட்கார்ந்திருந்தாள். "அப்பா வேலைக்குப் போயிருக்கார் அத்தை" என்று சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு இருமல் வந்துவிட்டது.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமா?

இன்றைக்கு அந்தச் சளியைக் கரைத்து, கிருமியின் டிஎன்ஏவைப் பிரித்து, ஒரு துளியை நகம் அளவு சில்லில் விட்டால் போதும். சூடு ஏறி இறங்கும் ஒவ்வொரு சுற்றிலும் அந்த டிஎன்ஏ ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும். 30 சுற்றில் 100 கோடியைத் தாண்டும். அதனால் கிருமி கொஞ்சமாக இருந்தாலும் தப்பாது. ஒரு மணி நேரத்தில் டிபி உண்டா என்று தெரியும். இன்னொரு மணி நேரத்தில் டிபிக்குக் கொடுக்கும் முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்கு அந்தக் கிருமி கேட்குமா என்றும் தெரியும். பாட்டரியில் ஓடும் இந்த ட்ரூநாட் கருவி நம் பெங்களூரின் பிக்டெக் ஆய்வுக்கூடத்தில் உருவானது. 2020இல் உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைத்தது.

கருவி ஒரு மணி நேரத்தில் சொல்லிவிடும். ஆனால் காலை வரிசையில் நின்றால் கொத்தனாருக்கும் வீட்டு வேலை செய்யும் அக்காவுக்கும் அன்றைய கூலி போகிறதே! ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாலை 6 முதல் 9 வரை சளி வாங்க வேண்டும், முடிவை அன்றே கையில் கொடுக்க வேண்டும். டாக்டர் அம்மா, ஐயா, இதை நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

வாசல் மேசையில் மனு இருக்கிறது. கன்னடத்திலும் தமிழிலும் எழுதியிருக்கிறோம். சாப்பாட்டுக்குப் போகும் முன் எல்லாரும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்.