100 வாட் சத்தம், இரண்டரை வாட்டில்: பேஸ் ஹார்ன் பாக்ஸை வீட்டிலேயே கட்டலாம்

வணக்கம் நண்பர்களே!

நேராகக் கணக்குக்கே போய்விடலாம். கடையில் வாங்கும் சாதாரண ஸ்பீக்கருக்கு ஒரு வாட் கொடுத்து, ஒரு மீட்டர் தள்ளி வைத்து அளந்தால் ஏறக்குறைய 88 டெசிபல் காட்டும் (டெசிபல் என்பது சத்தத்தை அளக்கும் அளவு). அதற்கே 100 வாட் கொடுத்தால் 108 டெசிபல். நன்றாகக் கட்டிய பேஸ் ஹார்ன், அதாவது கீழ்ச் சத்தத்துக்காகக் கூம்புபோல் விரியும் பாதை வைத்த பெட்டி, ஒரு வாட்டிலேயே 104 டெசிபலைத் தொட்டுவிடும். அப்படியானால் அதே 108-ஐ எட்ட ஹார்னுக்கு எவ்வளவு வேண்டும்? இரண்டரை வாட். கையில் பிடிக்கிற குட்டி ஆம்ப்ளிஃபயர் போதும்!

இது எப்படி நடக்கிறது, இதை வீட்டில் எப்படிக் கட்டுவது, இரண்டையும் இந்த வீடியோவில் பார்க்கப் போகிறோம். கணக்கு வரும்போது ஓட்டிவிடாதீர்கள். சுவையான விஷயமே அங்கேதான் இருக்கிறது.

[திரையில்: வெறும் ஸ்பீக்கர் கோன் மெதுவாக முன்னும் பின்னும் அசைகிறது]

அந்த 88 டெசிபல் ஸ்பீக்கருக்குள் போகும் மின்சாரத்தில் நூற்றில் அரைப் பங்குகூட ஒலியாக மாறுவதில்லை. மீதி எல்லாம் காயிலில் சூடாகிப் போகிறது. காரணம், கோன் கனமானது, காற்று லேசானது. வெறும் விரலை ஆட்டிப் பாருங்கள், காற்று இரண்டு பக்கமும் நழுவிப் போய்விடும். அதே கையில் ஒரு பனையோலை விசிறியைப் பிடித்து ஆட்டினால் முகத்தில் காற்று அடிக்கிறது. கை அதேதான், பிடிக்கும் காற்றின் பரப்புதான் கூடியிருக்கிறது. ஹார்ன் செய்வதும் இதைத்தான். கோனுக்கு முன்னால் ஒரு குறுகலான தொண்டை. அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாக விரிந்துகொண்டே போகும் பாதை. கடைசியில் ஒரு பெரிய வாய். சின்னக் கோன் அந்தப் பெரிய வாயின் முழுப் பரப்பிலும் காற்றைத் தள்ளுகிறது. இன்னொரு லாபமும் உண்டு. அதே சத்தத்துக்குக் கோன் அசைய வேண்டிய தூரம் குறைகிறது, அதனால் ஒலி சிதைவதும் குறைகிறது. பேஸ் கிடாரின் ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியாகக் கேட்பது இதனால்தான்.

சரி, ஹார்ன் என்றதும் நமக்கு முதலில் கோயில் திருவிழாக் கூம்புக் குழாய்தானே ஞாபகம் வரும்? அதுவும் இதே குடும்பம்தான். ஆனால் அதில் தவிலின் அடி கேட்கவே கேட்காது, கீச்சென்று மேல் சத்தம் மட்டும்தான் வரும். ஏன்? ஹார்னின் வாயைச் சுற்றி அளந்தால் எவ்வளவு வருகிறதோ, அந்த நீளமுள்ள ஒலி அலை வரைக்கும்தான் அது ஒழுங்காக வேலை செய்யும். 50 சென்டிமீட்டர் வாய் உள்ள குழாயின் சுற்றளவு 1.57 மீட்டர். ஒலி நொடிக்கு 344 மீட்டர் போகிறது. வகுத்தால் 220 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 220 அதிர்வு. அதற்குக் கீழே குழாய் கைவிட்டுவிடும். தவிலின் அடி இருப்பதோ அதற்கும் கீழே.

இப்போது பேஸுக்கு வருவோம். 40 ஹெர்ட்ஸ் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேஸ் கிடாரின் மிகக் கீழான தந்தி 41 ஹெர்ட்ஸ், அதனால் இது நியாயமான ஆசைதான். அந்த அலையின் நீளம் 8.6 மீட்டர். அந்தச் சுற்றளவுக்கு வாயின் குறுக்களவு 2.7 மீட்டர், பரப்பு ஏறக்குறைய 5.9 சதுர மீட்டர். ஒன்பது அடிக்கு ஒரு வாய்! கதவில் நுழையாது, அறையில் நிற்காது. பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில் ஆசையை மூட்டை கட்டிவிடுவார்கள்.

விடாத ஒருவர் இருந்தார். அவரைப் பற்றிப் பேசத்தான் இந்த வீடியோவே.

[திரையில்: ஓர் அறையின் மூலை, இரண்டு சுவரும் தரையும் சேரும் இடம்]

பால் கிளிப்ஷ். அமெரிக்காவின் அர்கன்சா மாநிலத்தில் ஹோப் என்ற சின்ன ஊரில் ஸ்பீக்கர் கம்பெனி நடத்தியவர். அவருக்கு முன்பே 1930-களில் சினிமா தியேட்டர்களில் பிரம்மாண்டமான ஹார்ன்கள் வந்துவிட்டன. அன்றைய வால்வு ஆம்ப்ளிஃபயர்கள் கொடுத்த கொஞ்ச வாட்டில் அரங்கம் முழுக்கக் கேட்கச் செய்ய வேறு வழி இல்லை. தியேட்டரில் திரைக்குப் பின்னால் இடம் இருக்கிறது, வீட்டில் எங்கே போவது? கிளிப்ஷ் வீட்டு மூலையைப் பார்த்தார்.

வெட்டவெளியில் ஒலி எல்லாப் பக்கமும் பரவும். ஸ்பீக்கரைத் தரையில் வைத்தால் கீழே போக வழியில்லை, பாதி உருண்டைதான். அதையே ஒரு சுவரோடு ஒட்டினால் கால் பங்கு. இரண்டு சுவர் சேரும் மூலையில் தள்ளினால் எட்டில் ஒரு பங்கு. ஒலிக்குக் கிடைக்கும் வெளி எந்த அளவுக்குக் குறைகிறதோ, ஹார்னின் வாயும் அந்த அளவுக்குக் குறையலாம். 5.9-ஐ எட்டால் வகுங்கள். 0.74 சதுர மீட்டர். அதாவது 86 சென்டிமீட்டர் சதுரம்! ஒன்பது அடி வாய் மூன்றடிக்குள் சுருங்கிவிட்டது. மீதி ஹார்னை அந்த வீட்டைக் கட்டிய கொத்தனாரே சுவராகக் கட்டிக் கொடுத்துவிட்டார்.

இதற்கு 1943-ல் காப்புரிமை வாங்கினார். 1946-ல் கிளிப்ஷ்ஹார்ன் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. இன்றைக்கும் அதே பெயரில் தயாராகிறது. ஓர் ஒலிக் கருவி இத்தனை காலம் தாக்குப்பிடித்திருப்பதை நினைத்தால் எனக்கு உண்மையாகவே சிலிர்க்கிறது. பல பத்தாண்டுகள் அந்தப் பெட்டியின் பேஸ் பகுதிக்குப் பின்பக்கப் பலகையே கிடையாது. சுவர்தான் பின்பலகை. அறையைப் பெட்டியின் உதிரி பாகமாகவே கணக்கில் சேர்த்துவிட்டார்!

இதில் நமக்கு ஓர் அதிர்ஷ்டம் உண்டு, கேளுங்கள். அமெரிக்க வீடுகளில் பெரும்பாலும் மரச் சட்டத்தில் ஜிப்சம் பலகை அடித்த சுவர்தான். பேஸ் மோதினால் அது அசைந்து ஒலியை விழுங்கும். நம் ஊரில் ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், கீழே கான்கிரீட் தரை. மூலை ஹார்னுக்கு இதைவிட நல்ல இடம் ஏது? சுவரை ஒட்டியே கதவோ ஜன்னலோ இருக்கும் மூலையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். இரண்டு பக்கமும் ஒன்றரை, இரண்டு மீட்டருக்கு வெறும் சுவர் ஓடினால் நல்லது.

அடுத்து நீளம். எக்ஸ்பொனென்ஷியல் ஹார்னில் ஒரு குறிப்பிட்ட தூரத்துக்கு ஒரு முறை பாதையின் பரப்பு இரட்டிக்கும். 40 ஹெர்ட்ஸுக்கு அந்தத் தூரம் 47 சென்டிமீட்டர். 15 இஞ்ச் ட்ரைவர், அதாவது பெட்டி இல்லாத வெறும் ஸ்பீக்கர், ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் கோனின் பரப்பில் ஏறக்குறைய பாதி, 400 சதுர சென்டிமீட்டர், தொண்டை. 47 சென்டிமீட்டர் போனதும் 800. இன்னொரு 47-ல் 1,600. அப்புறம் 3,200. அப்புறம் 6,400. இரண்டு மீட்டர் தொடும்போது நமக்கு வேண்டிய 7,400, அதாவது அந்த 0.74 சதுர மீட்டர், வந்துவிடும்.

இரண்டு மீட்டர் குழலை மடிக்கத்தான் வேண்டும். திருவிழாக் குழாயும் மடித்ததுதான்: யூனிட்டிலிருந்து முன்னால் போகும் ஒலி, உள்ளே திரும்பிப் பின்னால் வந்து, மறுபடி திரும்பித்தான் வெளியே வருகிறது. மடித்தால் ஒலி கெட்டுவிடாதா? 8 மீட்டர் அலைக்கு 40 சென்டிமீட்டர் வளைவு ஒரு தடையே இல்லை. 200, 300 ஹெர்ட்ஸுக்கு மேல் போனால்தான் வளைவுகள் தொந்தரவு கொடுக்கும். அதனால் கிராஸோவரை, அதாவது ஒலியைக் கீழ், மேல் என்று பிரித்துக் கொடுக்கும் அமைப்பை, 200 பக்கம் வைத்து, அதற்கு மேலே உள்ளதை வேறு ஸ்பீக்கரிடம் கொடுத்துவிடுங்கள்.

முதல் முறை கட்டுகிறவர்களுக்கு என் ஆலோசனை, 40-ஐ விட்டுவிட்டு 50 ஹெர்ட்ஸுக்குக் கட்டுங்கள். மூலையில் வாய் 69 சென்டிமீட்டர் சதுரம் போதும், நீளம் 1.35 மீட்டர்தான். தவிலும் ட்ரம்ஸும் அதிலேயே நெஞ்சில் வந்து இடிக்கும். இல்லை, எனக்கு 40-தான் வேண்டும் என்றால் கதவை முதலில் அளந்துவிடுங்கள். இரண்டரை அடிக் கதவு என்பது 76 சென்டிமீட்டர். 86 சென்டிமீட்டர் பெட்டி உள்ளே போகாது. ஆனால் வாய் சதுரமாகத்தான் இருக்க வேண்டும் என்று சட்டமில்லை. 70-க்கு 105 என்று வைத்தாலும் பரப்பு அதேதான்.

வரைவதற்கு ஹார்ன்ரெஸ்ப் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. ட்ரைவரின் அளவுகளைக் கொடுத்தால், மரத்தை அறுப்பதற்கு முன்பே ஒலி எப்படி வரும் என்று வரைந்து காட்டிவிடும். இதைச் செய்யாமல் ப்ளைவுட் வாங்கப் போகாதீர்கள், ப்ளீஸ்.

[திரையில்: தரையில் படுத்திருக்கும் பக்கப் பலகை, அதன்மேல் பென்சில் கோடுகள்]

மரம்: 18 எம்.எம். ப்ளைவுட், நல்ல தரம். பார்ட்டிகிள் போர்டு வேண்டவே வேண்டாம், ஸ்க்ரூ பிடிக்காது. எட்டுக்கு நான்கு ஷீட் ஒன்றே சுமார் 35 கிலோ வரும், தூக்க ஒரு ஆளைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு பக்கப் பலகையைத் தரையில் படுக்கப் போட்டு, உள்ளே வரும் ஒவ்வொரு பலகையையும் அதன்மேல் முழு அளவில் பென்சிலால் வரையுங்கள். பலகையின் தடிமனுக்கு இரண்டு கோடு, நடுவில் ஒரு கோடு. இன்னொரு பக்கப் பலகையை அதற்கு அடியில் வைத்து, இரண்டையும் கிளாம்ப் போட்டு இறுக்கி, அந்த நடுக்கோட்டில் மெல்லிய ட்ரில் பிட்டால் இரண்டு பலகையையும் சேர்த்துத் துளை போடுங்கள். பிறகு வெளிப்பக்கத்திலிருந்து ஸ்க்ரூ ஏற்றும்போது, உள்ளே கண்ணுக்குத் தெரியாத பலகையின் சரியான நடுவில் போய் உட்காரும். எனக்கு இந்த வேலையிலேயே மிகவும் பிடித்த இடம் இதுதான்.

பசை போடுவதற்கு முன் எல்லாப் பலகையையும் சும்மா பொருத்திப் பாருங்கள். சாய்வு வெட்டில் மெல்லிய இடைவெளி இருந்தால், ஆசாரிமார் செய்வதுபோல் மரத்தூளை ஃபெவிகாலில் குழைத்து அடைத்துவிடலாம். கடைசிப் பக்கத்தை மூடிவிட்டால் உள்ளே கை போகாது, அதற்கு முன்பே எல்லா மூட்டுகளையும் அடைத்துவிடுங்கள். வாயை ஒட்டிய அகலமான பலகைகளுக்குக் குறுக்குச் சட்டம் கொடுங்கள், இல்லையென்றால் அவையே அதிரும். பெட்டிக்குள் ட்ரைவருக்குப் பின்னால் உள்ள அறை கட்டாயம் காற்றுப் புகாமல் இருக்க வேண்டும். ட்ரைவரை மாற்றுவதற்கான மூடிக்கு ஃபோம் பட்டை ஒட்டி, டி-நட் (மரத்துக்குள் பதித்து வைக்கும் நட்) போட்டு இறுக்குங்கள். சோதிப்பது சுலபம்: 40 ஹெர்ட்ஸ் ஒலியைக் குறைந்த சத்தத்தில் ஓடவிட்டு, ஒரு ஊதுபத்தியை மூட்டுகள் ஓரமாக நகர்த்துங்கள். புகை துடிக்கும் இடத்தில் காற்று ஒழுகுகிறது.

ட்ரைவர் தேர்வில் ஒரே ஒரு விஷயம். கார் சப்வூஃபரை இதில் போடாதீர்கள். அதன் கோன் கனம். ஹார்னுக்கு லேசான, விறைப்பான கோனும் பலமான மேக்னட்டும் வேண்டும். சவுண்ட் சர்வீஸ்காரர்கள் பயன்படுத்தும் வகை, ட்ரைவரின் விவரத் தாளில் இருக்கும் கியூ.டி.எஸ். என்ற மதிப்பு 0.2-லிருந்து 0.35-க்குள் உள்ளது, சரியாக இருக்கும்.

இப்போது பாட்டுப் போடலாம். ஆனால் இரண்டு அமைப்புகளைச் செய்துவிட்டுப் போடுங்கள். ஒன்று, ஹார்னின் எல்லைக்குக் கீழே போனால் கோனுக்கு முன்னால் காற்றின் பிடி போய்விடும், கோன் தாறுமாறாக ஆடும். 40 ஹெர்ட்ஸ் பெட்டிக்கு 35 பக்கத்தில் ஹை-பாஸ் ஃபில்டர் வையுங்கள், அது அதற்குக் கீழே உள்ள ஒலியைத் தடுத்துவிடும். இரண்டாவது, ஒலி உள்ளே இரண்டு மீட்டர் சுற்றி வருவதால் பேஸ் 6 மில்லி நொடி தாமதமாகக் கிளம்பும். மேல் ஸ்பீக்கருக்கும் அதே 6 மில்லி நொடி தாமதம் கொடுத்துக் கேளுங்கள். பிறகு அதை எடுத்துவிட்டுக் கேளுங்கள். தவில் அடியின் நுனியும் கனமும் ஒன்றாக வருவதும், பிரிந்து வருவதும் உங்களுக்கே தெரியும்.

உங்கள் அறையில் எந்த மூலை காலியாக இருக்கிறது, இரண்டு பக்கச் சுவரும் எவ்வளவு நீளம், கதவு எவ்வளவு அகலம் என்று கீழே எழுதுங்கள். வாய் எந்த அளவில் வரும் என்று கணக்குப் போட்டுப் பதில் சொல்கிறேன். சேனலை சப்ஸ்கிரைப் செய்துகொள்ளுங்கள், அடுத்த வீடியோவில் 50 ஹெர்ட்ஸ் பெட்டியின் வெட்டு அளவுகளோடு வருகிறேன்.