உள்ளங்கை அளவு மேகம்

அன்பான வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

வன்னியில் புழுதி விதைப்பு முடித்த ஒருவருக்கு ஐப்பசி மாதம் எப்படிப் போகும் என்பதை நான் விளக்கத் தேவையில்லை. மழைக்கு முன்பே காய்ந்த மண்ணை உழுது நெல்லை வீசியாயிற்று. குளத்துத் தண்ணீர் எட்டாத மானாவாரிக் காணி என்றால் வானத்தைத் தவிர வேறு வாய்க்கால் கிடையாது. ஒரு தூறல் விழுந்து, முளை தலைகாட்டி, பிறகு இரண்டு கிழமை வெயில் எறித்தால் எல்லாம் கருகிவிடும். விதைநெல் கடனாக வாங்கியது. உழவுக்கூலிக்கு மனைவியின் சங்கிலி அடகில் இருக்கிறது. அந்த நாள்களில் எங்கள் ஊர்க் கோவிலில் மாலைச் செபமாலைக்கு ஆள் நிறையும். மாசி, பங்குனியில் அறுவடை முடிந்ததும் வாங்குகள் வெறுமையாகும்.

வேறு வழியில்லாதவர்கள்தான் செபிக்கிறார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. ஆம், வேறு வழியில்லாததால்தான் செபிக்கிறோம். அதற்காக நான் வெட்கப்பட்டதில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தேன். அதைவிட நீண்ட காலம் எங்கள் சிற்றாலயத்தில் செபம் சொல்லிக்கொடுத்து வருகிறேன். இத்தனை காலத்தில் நான் கண்ட நல்ல செபங்கள் எல்லாம் கையில் ஒன்றும் இல்லாதவர்கள் சொன்னவை.

மழைக்காகச் செபித்த மனிதர் ஒருவரைப் பற்றி இன்று பேசலாம் என்று வந்திருக்கிறேன். இறைவாக்கினர் எலியா. புதிய ஏற்பாட்டில் யாக்கோபு எழுதிய திருமுகத்தின் ஐந்தாம் அதிகாரத்தில் அவரைப் பற்றி ஒரு செய்தி வருகிறது. எலியாவும் நம்மைப் போன்ற மனிதர்தான். மழை பெய்யக் கூடாது என்று வேண்டினார், மூன்றரை ஆண்டுகள் பெய்யவில்லை. மறுபடியும் வேண்டினார், வானம் பொழிந்தது என்கிறார் யாக்கோபு. நம்மைப் போன்ற மனிதர் என்ற அந்த முதற்பகுதியை நாங்கள் அவசரமாகக் கடந்துபோய் மழையில் போய் நின்றுவிடுகிறோம். நம்மைப் போன்றவர் என்றால் நமக்கு வரும் அதே கோபமும், அதே சலிப்பும், அதே பயமும் உள்ளவர்.

அரசர்கள் முதல் நூலின் பதினேழாம் அதிகாரத்திலிருந்து பத்தொன்பதாம் அதிகாரம் வரை ஒருமுறை வீட்டில் உட்கார்ந்து வாசித்துப் பாருங்கள். பதினெட்டாம் அதிகாரத்தில் எலியா ஒரு மலைபோல நிற்கிறார். கர்மேல் மலையில் பாகால் என்ற தெய்வத்தின் பொய்வாக்கினர் நானூற்றைம்பது பேருக்கு எதிரில் தனியாக நின்று, வானத்திலிருந்து நெருப்பு இறங்கக் காண்கிறார். அதன் பிறகு தரையில் குனிந்து, முகத்தை முழங்கால்களுக்கிடையில் புதைத்து மழைக்காக வேண்டுகிறார். கடல் பக்கம் போய்ப் பார் என்று வேலையாளை அனுப்புகிறார். ஒன்றும் இல்லை என்று அவன் திரும்பி வருகிறான். மறுபடியும் போ என்கிறார். ஏழாவது முறைதான் மனிதரின் உள்ளங்கை அளவு சிறிய மேகம் ஒன்று கடலிலிருந்து எழும்புகிறது என்று வந்து சொல்கிறான்.

ஆறு முறை வெறுங்கையோடு திரும்பிய அந்த வேலையாளை எனக்கு நன்றாகத் தெரியும் என்றே தோன்றுகிறது. எங்கள் வயல் வரம்புகளில் அவனைப் பார்த்திருக்கிறேன். வடகிழக்கு மூலையைப் பார்த்துக் கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு நிற்பான்.

அடுத்த அதிகாரத்தில் அதே எலியா, அரசி ஈசபேல் அனுப்பிய ஒரு கொலை மிரட்டலைக் கேட்டதும் நாட்டின் தெற்கெல்லைவரை ஓடுகிறார். பாலைநிலத்தில் ஒரு சூரைச் செடியின் கீழ் விழுந்து, போதும் ஆண்டவரே, என் உயிரை எடுத்துக்கொள்ளும், நான் என் முன்னோரைவிட நல்லவன் அல்ல என்கிறார். நெருப்பை இறக்கியவர் சாவைக் கேட்கிறார். திருநூலை எழுதியவர்கள் இதை மறைத்திருக்கலாம். மறைக்கவில்லை. அதற்காக அவர்களுக்கு நான் நன்றி சொல்கிறேன்.

அப்போது வானதூதர் வந்து என்ன செய்தார்? புத்திமதி சொல்லவில்லை, விசுவாசம் எங்கே போயிற்று என்று கேட்கவுமில்லை. தட்டி எழுப்பி, எழுந்து சாப்பிடு என்றார். தலைமாட்டில் தணலில் சுட்ட அப்பமும் ஒரு குவளைத் தண்ணீரும் இருந்தன. சாப்பிட்டுவிட்டு மீண்டும் உறங்கினார். உறங்கவிட்டார்கள். இரண்டாம் முறையும் எழுப்பிச் சாப்பாடு கொடுத்தார்கள். கடவுள் பேசியது அதற்கெல்லாம் பிறகு, நாற்பது நாள் நடந்து ஓரேபு மலையை அடைந்த பிறகு. களைத்து விழுந்தவர்கள் எங்கள் மண்ணில் குறைவில்லை. அவர்களுக்கு நாங்கள் கோவில்களில் அதிகம் பேசிவிட்டோம், அப்பத்தைக் குறைவாகக் கொடுத்தோம் என்பது என் எண்ணம். பேசியவர்களில் நானும் ஒருவன்.

இனி, என் ஊர்க் கதை ஒன்று.

எங்கள் ஊர் மன்னார் மாவட்டத்தின் மாந்தை மேற்கில் இருக்கிறது. அங்கே ஒருவர் லாண்ட்மாஸ்டர் என்ற இரண்டு சில்லு உழவு இயந்திரம் வைத்து உழவுக்குப் போவார், சூடடிப்பார், மணல் ஏற்றுவார். நல்ல உழைப்பாளி. குடிப்பார். உழவுக்கூலி கைக்கு வந்த அன்று வீட்டில் சத்தம் கேட்கும். 2006ஆம் ஆண்டு எங்கள் கோவில் திருவிழாவில், மாதாவின் சுருவத்தைக் கூட்டில் வைத்துத் தூக்கும்போது, அவரும் வந்து தோள் கொடுத்தார். கள்ளு மணத்தது. நான் அவர் கையைப் பிடித்து விலக்கினேன். “இந்தத் தோள் மாதாவுக்கு வேண்டாம்” என்று சனங்களுக்கு முன்னால் சொன்னேன். அவருடைய மூத்த மகன் பக்கத்தில் நின்றான். என்னிடம் படித்த பிள்ளை. அவர் ஒன்றும் பேசாமல் போய்விட்டார்.

2008இல் போரினால் எங்கள் பக்கத்தில் இடப்பெயர்வு தொடங்கியது. அந்த ஏப்ரலில்தான் மடு அன்னையின் சுருவத்தையும் பாதுகாப்புக்காகத் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோனார்கள். எங்கள் ஊர் எழும்பிய இரவு, என்னிடம் ஒரு சைக்கிளும் நடக்க முடியாத தாயும் இருந்தார்கள். லாண்ட்மாஸ்டர் சத்தம் கேட்டது. அவர்தான். படலைக்கு வெளியே நிறுத்திவிட்டு, “மாஸ்டர், அம்மாவை ஏற்றுங்கள்” என்றார். அவ்வளவுதான் பேச்சு.

டீசல் கிடைக்காத காலம். மண்ணெண்ணெய் ஊற்றி ஓட்டினார். ஒவ்வொரு இடமாக எழும்பி எழும்பிக் கிளிநொச்சி தாண்டித் தருமபுரம், விசுவமடு என்று போனோம். நவம்பர் இறுதியில் நிஷா புயல் வந்தது. தறப்பாளுக்குக் கீழே படுத்திருந்த எங்கள் பாய்கள் மிதந்தன. வாழ்நாள் முழுக்க மழை கேட்டு மன்றாடிய சனங்கள் அன்று மழை நிற்க மன்றாடினோம். இடுப்பளவு வெள்ளத்தில் அவர் போய்ப் போய்ப் பிள்ளைகளையும் கிழவர்களையும் மேட்டுக்கு ஏற்றி வந்தார். முன்பின் தெரியாத குடும்பங்களையும் ஏற்றினார்.

ஓட்டும்போது சத்தமாகச் செபிப்பார். செபமாலை ஒழுங்காகத் தெரியாது. துக்க தேவ இரகசியங்களையும் சந்தோஷ தேவ இரகசியங்களையும் கலந்துவிடுவார். நடுவில், “தாயே, இந்தச் சில்லு புதையாமல் பார்த்துக்கொள்” என்பார். சில்லு புதைந்தால் இறங்கித் தள்ளுவார், தள்ளும்போதும் அதையே சொல்வார். செபம் சொல்லிக்கொடுக்கும் நான் பின்னால் இழுபெட்டியில் பேசாமல் இருந்தேன். அந்த மாதங்களில் எனக்குச் செபமே வரவில்லை. வாய் திறந்தால் கோபம்தான் வந்தது. அவர் பிழைபிழையாகச் சொன்னதைப் பிடித்துக்கொண்டுதான் நான் அந்தப் பாதையைக் கடந்தேன்.

மே மாதம் முள்ளிவாய்க்காலில் அவருடைய மூத்த மகன் போய்விட்டான். என் பிள்ளைகள் மூவரும் உயிரோடு வந்தார்கள். செட்டிகுளம் முகாமில் எங்கள் கூடாரங்கள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. என் பிள்ளைகள் காப்பாற்றப்பட்டார்கள் என்று நான் எங்கும் சாட்சி சொன்னதில்லை. சொல்ல முடியாது. அவர் தன் மகனுக்காகவும்தானே தாயை அழைத்தார்? என் வீட்டுக்கு ஒரு விடை, அவர் வீட்டுக்கு வேறு விடை. ஏன் என்று எவராவது எளிதாக விளக்கினால் நான் எழுந்து போய்விடுவேன். எலியாவும் ஓரேபு மலையில் கடவுளிடம் முறையிடத்தான் செய்தார். அந்த முறைப்பாட்டையும் கடவுள் செபமாகவே கேட்டார் என்று நம்பி நிற்கிறேன்.

ஊர் திரும்பிய பிறகு அவர் மறுபடியும் குடிக்கத் தொடங்கினார். இன்றுவரை முழுவதாக விடவில்லை. இதைச் சொல்லாமல் விட்டிருந்தால் கதை அழகாக இருந்திருக்கும். ஆனால், கடவுள் எங்களை அழைத்துப்போகத் தெரிந்துகொண்ட மனிதர் இவர்தான். திருந்தி முடியட்டும் என்று காத்திருந்திருந்தால் என் தாய் அந்தப் படலையிலேயே இருந்திருப்பார்.

எங்கள் மண்ணில் விசுவாசம் தங்கியதும் இப்படிப்பட்ட மனிதர்களால்தான் என்று வரலாறு படிக்கும்போது நினைக்கிறேன். 1658இல் ஒல்லாந்தர் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் கைப்பற்றினார்கள். குருக்களைத் துரத்தினார்கள், கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்தார்கள். 1670இல் மாந்தையிலிருந்து சில குடும்பங்கள் மாதாவின் சுருவத்தைச் சுமந்துகொண்டு மருதமடுக் காட்டுக்குள் போனார்கள். மற்றவர்கள்? பலர் பயந்தார்கள். பிறப்பும் திருமணமும் சட்டப்படி செல்ல வேண்டும் என்பதற்காக ஒல்லாந்தரின் கோவிலில் பெயரைப் பதிந்துவிட்டு, வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு செபமாலை சொன்னார்கள். வெளியே ஒன்று, உள்ளே ஒன்று. பலவீனம்தான். ஆனாலும் அந்தச் சாத்திய கதவுகளுக்குள்தான் செபம் பிள்ளைகளின் வாயில் ஏறியது.

1687இல் கோவாவிலிருந்து யோசேப்பு வாஸ் அடிகள் பிச்சைக்காரர் கோலத்தில் இலங்கைக்கு வந்தார். வந்தபோதே கடும் வயிற்றோட்டத்தில் விழுந்தார். கஞ்சி கொடுத்து அவரைப் பிழைக்கவைத்தவர் ஒரு பெண் என்று அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். பிறகு கழுத்தில் செபமாலையைத் தொங்கவிட்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டார். மாலையைக் கண்டு எந்த முகம் மாறுகிறது என்று பார்த்தே தம் மந்தையைக் கண்டுபிடித்தார். கண்டியில் ஒற்றர் என்ற சந்தேகத்தில் சிறையில் வைத்தார்கள். அங்கே வறட்சி வந்தபோது பீடம் அமைத்து வெளியில் முழங்காலில் நின்று வேண்டினார், மழை பெய்தது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. குரு எப்போதாவதுதான் வர முடியும் என்பதால் ஊர்தோறும் கோவிலைப் பொறுப்பேற்க மூப்பரையும் செபம் சொல்லிக்கொடுக்க அண்ணாவியையும் நியமித்தார். 1711 ஜனவரி 16இல் கண்டியில் இறந்தார். 2015 ஜனவரி 14 காலை கொழும்புக் காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். அன்று பிற்பகலே மடுவுக்கும் வந்தார். அந்தக் கூட்டத்தில் நானும் நின்றேன். கஞ்சி கொடுத்த பெண்ணின் நினைவு எனக்கு அங்கேதான் வந்தது.

ஓரேபு மலையில் எலியா, நான் ஒருவன்தான் மிஞ்சியிருக்கிறேன் என்று முறையிட்டார். பாகாலுக்கு முழங்கால் மடக்காத ஏழாயிரம் பேர் இருக்கிறார்கள் என்று கடவுள் பதில் சொன்னார். ஒரு பெயரும் சொல்லவில்லை. எலியா அவர்களைப் பார்த்தும் இருப்பார், கவனித்திருக்க மாட்டார். நானும் அப்படித்தான் ஒருவரைக் கவனிக்காமல் இருந்தேன்; கவனித்த ஒரே நாளில் கையைப் பிடித்து விலக்கினேன்.

அந்த வார்த்தைக்காக நான் இன்னும் அவரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. ஒன்றாக இடம்பெயர்ந்தோம், முகாமில் ஒரே வரிசையில் தண்ணீருக்கு நின்றோம், அவருடைய மகனின் ஆண்டுத் திருப்பலிக்கு ஒவ்வொரு முறையும் போகிறேன். ஆனாலும் 2006ஐப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. அவரும் கேட்கவில்லை. மகன் பார்த்துக்கொண்டிருக்கச் சொன்ன சொல் அது. மகன் இப்போது இல்லை.

இந்த ஆண்டும் புழுதி விதைப்பு முடித்துவிட்டோம். இந்த உரையை ஒலிப்பதிவு செய்ய வரும்போது வானம் வெளித்துத்தான் கிடந்தது. சனிக்கிழமை மாலை மழைக்காகச் செபமாலை வைத்திருக்கிறோம். முதல் பத்துமணியை யார் தொடங்குவது என்று நேற்றுப் பிள்ளைகள் என்னிடம் கேட்டார்கள். நாளை சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். இங்கிருந்து பஸ்ஸில் இறங்கியதும் வீட்டுக்குப் போகாமல் அவருடைய படலைக்குப் போகப்போகிறேன். எனக்காகவும் அவருக்காகவும் செபித்துக்கொள்ளுங்கள்.

வணக்கம்.