மீட்டர் 12 வோல்ட் காட்டுகிறது, டிஃப் லாக் மட்டும் விழவில்லை! ஏன்?

சேற்றில் ஒரு சக்கரம் சும்மா சுற்றுகிறது. டிஃப் லாக் பட்டனை அழுத்துகிறீர்கள். டேஷ்போர்டில் விளக்கு சிமிட்டுகிறது, சிமிட்டுகிறது, சிமிட்டிக்கொண்டே இருக்கிறது. வண்டி நகர மாட்டேன் என்கிறது. மறுநாள் மெக்கானிக்கிடம் காட்டினால் ஒரே வரியில் தீர்ப்பு: ‘ஆக்சுவேட்டர் போச்சு, புதுசு போடணும்.’

பொறுங்கள். பர்ஸைத் திறப்பதற்கு முன் இந்த வீடியோவைப் பார்த்துவிடுங்கள். ஒரு மல்டிமீட்டர், ஒரு பழைய இண்டிகேட்டர் பல்பு, பட்டனை அழுத்திக் கொடுக்க ஓர் ஆள், இவ்வளவு போதும்.

தியரியை வேகமாக ஓட்டிவிடுகிறேன். வண்டி திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் கூடுதல் தூரம் ஓட வேண்டும். அதற்காக இரண்டு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடுவது டிஃபரென்ஷியல். ஒரு சக்கரம் பிடிமானத்தை இழந்தால் அது மட்டும் வீணாகச் சுற்றுவதும் இதனால்தான். டிஃபரென்ஷியல் லாக், சுருக்கமாக டிஃப் லாக், இரண்டையும் ஒன்றாகப் பூட்டிவிடும். தியரி முடிந்தது.

பூட்டும் வேலையைச் செய்யும் பாகம்தான் ஆக்சுவேட்டர். அது யார் என்பது வண்டிக்கு வண்டி மாறும். டொயோட்டா லேண்ட் க்ரூஸர் 80-இல் ஆக்ஸிலின் மேலேயே ஒரு சின்ன மோட்டார் உட்கார்ந்திருக்கும். ஈட்டனின் இ-லாக்கரில் மின்காந்தக் காயில். ஏஆர்பி ஏர் லாக்கரில் காற்று. அங்கே கரன்ட்டின் வேலை கம்ப்ரஸரை ஓட்டுவதும் சாலினாய்டு வால்வை, அதாவது கரன்ட்டால் இயங்கும் வால்வை, திறப்பதும்தான். பட்டனை அழுத்தியதும் வால்வு ‘டிக்’ என்று சத்தம் போட வேண்டும். டிக் கேட்கிறது, ஆனால் கம்ப்ரஸர் நிற்காமல் ஓடுகிறதா? எங்கோ காற்று கசிகிறது. ஒயரை விட்டுவிட்டு ட்யூபையும், காற்று கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கையும் பாருங்கள்.

[திரையில்: சிமிட்டும் டிஃப் லாக் விளக்கு]

சரி, இந்தச் சிமிட்டல் பழுதா? பல வண்டிகளில் இல்லவே இல்லை. ‘சொன்னது கேட்டது, இன்னும் பூட்டவில்லை’ என்றுதான் அதற்கு அர்த்தம். உள்ளே பற்கள் நேருக்கு நேர் வந்தால்தான் பூட்டு விழும். மெதுவாக உருட்டிக்கொண்டே ஸ்டீயரிங்கை இடமும் வலமும் கொஞ்சம் திருப்புங்கள். பெரும்பாலும் ‘டக்’கென்று விழுந்துவிடும். லாக்கை எடுத்த பிறகும் விளக்கு அணையாவிட்டால், பற்கள் இறுகிக்கொண்டிருக்கலாம். நேராகக் கொஞ்சம் ரிவர்ஸ் போனால் விட்டுவிடும்.

அடுத்தது அனுமதி. பல வண்டிகளில் 4எல்-இல், அதாவது நான்கு சக்கரமும் இழுக்கும் லோ கியரில், இருந்தால்தான் லாக் விழும், அதுவும் மெதுவாகப் போகும்போது மட்டும். பின் சக்கர லாக் விழுந்தால்தான் முன் சக்கர லாக் விழும் வண்டிகளும் உண்டு. கியர் 4எல்-க்குப் போய்விட்டது, ஆனால் டிரான்ஸ்ஃபர் கேஸில் (முன், பின் சக்கரங்களுக்கு இழுவையைப் பிரித்துத் தரும் பெட்டி) இருக்கும் சுவிட்ச் அதைச் சொல்லவில்லை என்றால், வண்டியின் கம்ப்யூட்டர் கடைசிவரை கரன்ட் கொடுக்காது. 4எல் விளக்கே எரியவில்லையா? ஆக்சுவேட்டரைத் தொடாதீர்கள், பாவம், அது எந்தத் தப்பும் செய்யவில்லை.

ஃப்யூஸ் பாருங்கள், ரிலே என்பது கரன்ட்டால் இயங்கும் சுவிட்ச், அதே நம்பர் உள்ள வேறொரு ரிலேயை மாற்றிப் போட்டுப் பாருங்கள். அடுத்து!

இப்போதுதான் எனக்குப் பிடித்த இடம் வருகிறது. ஆக்சுவேட்டரின் கனெக்டரைக் கழற்றி மீட்டரை வைக்கிறீர்கள். 12 வோல்ட்! ‘கரன்ட் வருது, அப்போ மோட்டார்தான் போச்சு’ என்று முடிவு கட்டுகிறோம். புது ஆக்சுவேட்டர் வருகிறது, மாட்டுகிறோம், அதுவும் அசையவில்லை. காரணம், மீட்டர் நம்மை ஏமாற்றிவிட்டது.

ஆக்ஸிலுக்குப் போகும் ஒயரை யோசியுங்கள். சஸ்பென்ஷன் ஏறி இறங்கும்போதெல்லாம் அது மடங்கி நிமிர்கிறது. மேலே ரப்பர் நன்றாக இருக்கும், உள்ளே செப்பு இழைகள் ஒவ்வொன்றாக அறுந்திருக்கும். அல்லது தண்ணீர் புகுந்து கனெக்டரின் பின்கள் பச்சை பூத்திருக்கும். பல இழைகள் அறுந்து ஒன்றிரண்டு மட்டும் மிஞ்சிய கயிற்றில் ஈரத் துண்டைக் காயப்போடலாம். ஆள் தொங்க முடியாது. மீட்டர் அந்தத் துண்டு, மோட்டார் அந்த ஆள்.

கணக்கு போட்டால் இன்னும் ஜோராக இருக்கும். சாதாரண டிஜிட்டல் மீட்டரின் உள் ரெசிஸ்டன்ஸ் சுமார் 1 கோடி ஓம்ஸ். அது இழுக்கும் கரன்ட் ஒரு ஆம்பியரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு, அவ்வளவுதான். பழுதான ஒயரில் 100 ஓம்ஸ் ரெசிஸ்டன்ஸ் இருந்தாலும் அதற்குத் தெரியவே தெரியாது, முழு 12 வோல்ட் காட்டும். அதே இடத்தில் 21 வாட் இண்டிகேட்டர் பல்பைப் போடுங்கள். அதற்கு 1.75 ஆம்பியர் வேண்டும். 100 ஓம்ஸ் வழியாக அதற்குக் கிடைப்பது கால்வாசி இல்லை, பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பல்பு கண்ணே திறக்காது! விலை உயர்ந்த மீட்டர் கண்டுபிடிக்காததை ஒரு பழைய பல்பு கண்டுபிடித்துவிடுகிறது. இதற்காகவாவது ஒரு லைக் போடலாம், தப்பில்லை.

ஓர் எச்சரிக்கை. பல்பை மோட்டாருக்கோ காயிலுக்கோ போகும் பவர் ஒயர்களில் மட்டும் போடுங்கள். சென்சாருக்குப் போகும் மெல்லிய ஒயரில் போட்டால் கம்ப்யூட்டரே போய்விடலாம். அப்புறம் மோட்டார் வகையில் கரன்ட் சில நொடிகள்தான் வரும். அதனால்தான் பட்டனை அழுத்த ஓர் ஆள் வேண்டும் என்றேன்.

பல்பு மங்கலாக எரிந்தால், அது எரியும்போதே மீட்டரின் ஒரு முனையை பேட்டரி பாசிட்டிவிலும் மறு முனையை கனெக்டரின் பாசிட்டிவ் பின்னிலும் வையுங்கள். அரை வோல்ட்டைத் தாண்டினால் அந்த வழியில் எங்கோ கோளாறு. அடுத்து நெகட்டிவ் பக்கமும் இப்படியே. எர்த்தை, அதாவது வண்டியின் பாடி வழியாகப் போகும் நெகட்டிவ் இணைப்பை, யாரும் சந்தேகப்படுவதில்லை. நான் முதலில் சந்தேகப்படுவதே அதைத்தான். ஒயரை அங்கங்கே வளைத்துப் பாருங்கள். எங்கே பல்பு துடிக்கிறதோ அங்கே வெட்டி ஒட்டுங்கள்.

பல்பு பளிச்சென்று எரிகிறதா? இப்போது ஆக்சுவேட்டர் மேல் பழி போடலாம். காயில் வகையில் ஓம்ஸ் அளந்தால் போதும்: சில ஓம்ஸ் காட்ட வேண்டும், எதுவுமே காட்டாவிட்டால் காயில் அறுந்துவிட்டது. மோட்டார் வகை என்றால் வாங்குவதற்கு முன் பிரித்துப் பாருங்கள். பழைய லேண்ட் க்ரூஸர்களில் மோட்டாருக்குள் ஒட்டியிருக்கும் காந்தம் பசை விட்டுக் கழன்றுகொள்வது பேர்போன வியாதி. சுத்தம் செய்து நல்ல எபாக்ஸியில் ஒட்டி, தண்ணீர் புகாமல் சீல் வைத்தால் திரும்ப ஓடும்.

கடைசியாக ஒன்று. விளக்கு எரியவில்லை என்பதாலேயே லாக் விழவில்லை என்று நினைக்காதீர்கள். பல வண்டிகளில் விளக்கைப் போடுவது டிஃபரென்ஷியலில் இருக்கும் தனி சுவிட்ச். அது கெட்டுப்போனால் பூட்டியும் விளக்கு வராது. ஒட்டிக்கொண்டால் பூட்டாமலே எரியும், சில வண்டிகளில் ஏபிஎஸ்ஸையும் அணைத்துவிடும். உண்மை தெரிய, மற்ற சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, அந்த ஆக்ஸிலை ஸ்டாண்டில் ஏற்றி, லாக்கைப் போட்டு, நியூட்ரலில் ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். மறு சக்கரம் அதே பக்கம் கூடவே வந்தாலோ, 4எல்-இல் சக்கரம் அசையவே மறுத்தாலோ பூட்டு விழுந்திருக்கிறது. எதிர்ப் பக்கம் சுற்றினால் விழவில்லை. தார் ரோட்டில் வளைத்து ஓட்டிச் சோதிக்காதீர்கள், டயரும் ஆக்ஸிலும் திட்டும்.

உங்கள் வண்டியில் பழுது கடைசியில் எங்கே இருந்தது, ஒயரா, எர்த்தா, சுவிட்சா? வண்டி மாடலோடு கமென்டில் போடுங்கள். அடுத்த வீடியோவில் ஒரு மோட்டார் ஆக்சுவேட்டரை மேஜையில் வைத்து முழுசாகப் பிரிக்கப் போகிறோம்.