பட்டம்பாங் மூங்கில் ரயில்

நேயர்களுக்கு வணக்கம். கம்போடியா என்றதும் அங்கோர் வாட் பற்றித்தான் கேட்பார்கள். நான் பேச வந்தது அந்த நாட்டின் பட்டம்பாங் நகரத்து மூங்கில் ரயிலைப் பற்றி. அந்த ஊர்க்காரர்கள் அதை நோரி என்பார்கள்.

நம் ஊரில் ரயில்வேக்காரர்கள் தண்டவாளத்தில் தள்ளிக்கொண்டு போகும் டிராலியைப் பார்த்திருப்பீர்கள். அதைவிட எளிமையானது இது. இரண்டு இரும்பு அச்சு, நான்கு சக்கரம். மேலே மரச்சட்டத்தில் மூங்கில் பிளாச்சு அடித்த ஒரு மேடை. அதை அச்சில் முடுக்குவதில்லை, தூக்கி வைப்பதோடு சரி. பின்னால் சின்ன பெட்ரோல் எஞ்சின், அதிலிருந்து அச்சுக்கு ஒரு பெல்ட். ஓட்டுபவர் ஒரு கட்டையால் எஞ்சினை நெம்பினால் பெல்ட் இறுகும், வண்டி பாயும். ஓரத்துப் புல் காலில் அடிக்கும். தண்டவாள இணைப்பில் ஒவ்வொரு இடைவெளியும் முதுகெலும்பில் தெரியும்.

சரி, இருப்பதோ ஒரே ஒரு ரயில்பாதை. எதிரே இன்னொரு நோரி வந்தால்? இதைச் சொல்லத்தான் எனக்கு ஆசை. சுமை குறைந்த வண்டி வழி விட வேண்டும். அதில் வந்தவர்கள் இறங்குவார்கள். எஞ்சினைத் தூக்கு, மேடையைத் தூக்கு, அச்சு இரண்டையும் தூக்கி ஓரமாக வை. மற்ற வண்டி போனதும் மறுபடி பூட்டு. சில நிமிடம்கூட ஆகாது, சண்டையும் கிடையாது. மறுபடி சொல்கிறேன், சுமை குறைந்தவர்தான் இறங்க வேண்டும். நெல் மூட்டையோடு வருபவரை இறக்கி ஏற்றினால் அவர் பிழைப்பு என்னாவது?

ஆமாம், பிழைப்புக்காகப் பிறந்த வண்டி. 1979இல் கெமர் ரூஜ் என்ற கொடூரமான கம்யூனிஸ்ட் இயக்கத்தின் ஆட்சி விழுந்த பிறகும் போர் ஓயவில்லை, ரயில்பாதை சீரழிந்து கிடந்தது. கிடைத்த இரும்பையும் மூங்கிலையும் வைத்து ஜனங்களே வண்டி கட்டினார்கள். முதலில் எஞ்சின்கூட இல்லை, கழி ஊன்றித் தள்ளினார்கள். அரிசியும் ஆடுமாடும் மனிதரும் அதில்தான் போனார்கள். வெளிநாட்டுப் பயணிகள் வந்ததெல்லாம் ரொம்பப் பின்னால்.

2017இல் பாதையைச் செப்பனிட நோரிகளை நிறுத்தினார்கள். 2018இல் அந்தப் பாதைக்கு நிஜ ரயில் திரும்பியது. அது நல்லதுதான், மனதார வரவேற்கிறேன். பட்டம்பாங் அருகே பனான் மலைப் பக்கம் சுற்றுலாப் பயணிகளுக்காகவே தனிப்பாதை போட்டு நோரி விடுகிறார்கள். அதில் நெல் மூட்டை ஏறாது என்பதுதான் எனக்கு வருத்தம்.

போர்க்காலத்தில் கண்ணிவெடிக்குப் பயந்து வெடித்தால் அதிலேயே வெடிக்கட்டும் என்று ரயில் எஞ்சினுக்கு முன்னால் கூரையில்லாத வெறும் தட்டுப்பெட்டி பூட்டியதையும், அதில் ஏழைகள் ஏறிப் போனதையும் விரிவாகச் சொல்ல நினைத்தேன். நேரம் முடிந்துவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். பனான் போகிறவர்கள் ஓடும்போது கை விரலை மேடைக்கு வெளியே நீட்டாதீர்கள். வணக்கம்.