வள்ளிக்கு யாரும் எடுத்துக் கொடுக்க வேண்டாம்

பெற்றோர்களுக்கும், திரைக்குப் பின்னால் பாதி அரிதாரத்தோடு எட்டிப் பார்க்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

இந்தக் கோடை நாடக முகாம் தொடங்கியதிலிருந்து உங்களில் பலர் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான். "சார், எங்க பிள்ளைக்கு மெயின் ரோலா?" இன்று பிள்ளைகள் நடிக்கும் 'வள்ளி திருமணம்' நாடகத்தில் ஒரு வள்ளி, ஒரு முருகன், ஒரு நாரதர்தான். அப்புறம் வள்ளியின் அப்பா நம்பிராஜன், தோழி, பபூன். மீதிப் பேரெல்லாம் வேங்கை மரம், தினை கொத்த வரும் கிளிகள், கடைசியில் வரும் யானை. யானைக்கு மட்டும் நான்கு பேர். அந்த நான்கு இடத்துக்கு நடந்த சண்டை வள்ளி வேஷத்துக்குக்கூட நடக்கவில்லை!

இது சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகம். மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் கோயில் திருவிழாக்களில் இன்றும் விடிய விடிய நடக்கிறது. வேடிக்கை என்னவென்றால், அங்கே இதற்குச் சேர்ந்து ஒத்திகை பார்க்கிற வழக்கமே இல்லை. ஸ்பெஷல் நாடகம் என்பார்கள். ராஜபார்ட், அதாவது கதாநாயகன், ஓர் ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட், அதாவது கதாநாயகி, வேறோர் ஊரிலிருந்து வருவார், சந்திப்பே மேடையில்தான். கதை தெரியும், பாட்டு தெரியும். தர்க்கம், அதாவது மேடையில் ஒருவரோடு ஒருவர் போடும் வாக்குவாதம், மட்டும் அன்றன்றைக்கு வாயில் வருவது. எதிராளி சொல்வதைக் காது கொடுத்துக் கேட்காதவர் அங்கே பத்து நிமிஷம் தாங்க மாட்டார்.

இதே சுவாமிகள்தான் 1918இல் மதுரையில் சிறுவர்களை வைத்துத் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். பின்னாளில் நாடகத்தில் பெயர் பெற்ற டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கே பயின்றவர்கள். இப்படிச் சிறுவர்களை வைத்து நாடகம் போட்ட குழுக்களுக்குப் பாய்ஸ் கம்பெனி என்று பெயர். அந்த வாழ்க்கை நம் முகாம் மாதிரி இல்லை. வீட்டை விட்டு வந்து கம்பெனியோடு ஊர் ஊராகப் போக வேண்டும். பாடம் வராவிட்டால் அடி. எம்.ஜி.ஆரும் சிவாஜியும் பாய்ஸ் கம்பெனியில் வளர்ந்தவர்கள்தானே என்று அந்த அடிக்கு நியாயம் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அடி மட்டும் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பிய பிள்ளைகளின் பெயரை யார் எழுதி வைத்தார்கள்?

சரி, நாங்கள் என்ன செய்தோம்? முதல் வாரம் வசனத் தாளையே கண்ணில் காட்டவில்லை. கதையை மட்டும் சொன்னோம். "நீ தினைப்புனம் காக்கிறாய். ஒரு வேடன் வந்து, மானைப் பார்த்தாயா என்கிறான். என்ன சொல்வாய்?" பரண் என்று போட்டிருந்த பெஞ்சின் மேல் நின்ற ஏழாம் வகுப்புப் பெண், துப்பட்டாவைக் கவணாகச் சுழற்றியபடி சொன்னாள்: "மான் வந்திருந்தா தினையைத் தின்னிருக்கும். தினை அப்படியே இருக்கு. நீ பொய் சொல்றே." முருகன் திருதிருவென்று விழித்தான். கீழே கிளியாக உட்கார்ந்திருந்த பொடியன் சும்மா இருப்பானா? "வேடன்னா அம்பு எங்கேடா?" என்றான். கிளிக்கு வசனமே கிடையாது! முருகன் சுதாரித்துக்கொண்டு, "அம்பு மான் முதுகுல இருக்கு, அதான் தேடறேன்" என்றான். அப்புறம் அரை மணி நேரம் எங்களால் நிறுத்த முடியவில்லை.

அதற்குப் பிறகுதான் சுவாமிகளின் வரிகளைக் கொடுத்தோம். ஏற்கெனவே தாங்களே சண்டை போட்டுப் பார்த்த இடம் என்பதால், எந்த வரி எந்தக் கேள்விக்குப் பதில் என்று பிள்ளைகளுக்குப் பிடிபட்டது. பாட்டு மட்டும் அவ்வளவு சுலபமாக வரவில்லை. ஆர்மோனியக்காரர் பொறுமைசாலி.

இன்னொன்று. முருகன் கிழவராக வந்து வள்ளியிடம் தினைமாவு வாங்கித் தின்னும் காட்சியின் ஒத்திகையில், மாவு அந்த வேஷம் போட்ட பையனுக்கு நிஜமாகவே தொண்டையில் அடைத்துவிட்டது. வள்ளி ஓடிப் போய்த் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். கதையிலும் அதுதானே நடக்கிறது! இன்றைக்கு மாவில் தேனைக் கூடுதலாகவே விட்டிருக்கிறோம், பயப்படாதீர்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். நடுவில் எந்தப் பிள்ளையாவது பேச்சு வராமல் நின்றால், கீழேயிருந்து வசனம் எடுத்துக் கொடுக்காதீர்கள். வீட்டில் கேட்டுக் கேட்டு உங்களுக்கும் மனப்பாடம் ஆகியிருக்கும், தெரியும். ஆனாலும் வேண்டாம். மேடையில் நாரதர் இருக்கிறார், தோழி இருக்கிறாள், எப்போது வாய் திறக்கலாம் என்று கிளியும் காத்திருக்கிறது. அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். மணி ஆறரை ஆகிவிட்டது, பபூன் வரட்டும்.