தொட்டியில் மருந்து கலக்கும் முன்

நேயர்களுக்கு வணக்கம். இன்றைக்குப் பேச்சு கோழி வளர்க்கிறவர்களோடு. கறியும் முட்டையும் வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் வானொலியை அணைத்துவிட வேண்டாம். நேரமிருந்தால் கடைசியில் உங்கள் பக்கமும் வருகிறேன்.

ராத்திரி கொட்டகையில் நாலைந்து கோழி தும்முகிறது. உடனே என்ன செய்கிறோம்? போன தடவை மிச்சம் வைத்த ஆன்டிபயாட்டிக் பாட்டிலைத் தேடி எடுத்துத் தண்ணீர்த் தொட்டியில் ஊற்றிவிடுகிறோம். விடிவதற்குள் நோய் பரவிவிடுமோ என்ற பயம். நியாயமான பயம்தான். ஆனாலும் ஊற்றும் முன் ஒன்று கேளுங்கள்: இந்த மருந்து எதற்கு?

ஆன்டிபயாட்டிக் பாக்டீரியாவுக்கான மருந்து. வெள்ளைக்கழிச்சல் வைரஸால் வருவது. அந்த வைரஸை இது ஒன்றும் செய்யாது, முன்கூட்டியே போடும் தடுப்பூசிதான் காக்கும். ரத்தக்கழிச்சல் ஓர் ஒட்டுண்ணியின் வேலை. பெரும்பாலான ஆன்டிபயாட்டிக் அதைத் தொடாது. தும்மலுக்கோ எத்தனையோ காரணம். அதில் ஒன்றைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு நிறுத்த வராது.

ஒரு பண்ணைக்குப் போயிருந்தேன். மூன்று விதமான மருந்து கொடுத்தும் சளி நிற்கவில்லை. "நாலாவதா எதைக் கொடுக்கலாம் டாக்டர்?" என்றார் பண்ணையாளர். "முதல்ல கொஞ்சம் உட்காருங்க" என்றேன். நாற்காலி தேடினார். "இங்கேயே, கோழி நிற்கிற இடத்திலே" என்றேன். குத்துக்காலிட்டு உட்கார்ந்தவர் கொஞ்ச நேரத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிட்டார். அம்மோனியா! ஈரமான கோழிக் கழிவிலிருந்து கிளம்பும் காரநெடி. நின்றபடி வேலை செய்கிறவருக்கு அது அவ்வளவாகத் தெரியாது. தினமும் உள்ளே போகிற மூக்குக்கும் பழகிப்போயிருக்கும். கோழிக்கு அந்த வசதி இல்லை. தரையோடு தரையாகத்தான் அது மூச்சு விடுகிறது, இருபத்துநாலு மணி நேரமும்.

குளிருக்காகப் படுதாவை முழுக்க இறக்கிவிட்டிருந்தார். கோழி கொத்திக் குடிக்கும் நிப்பிள் குழாய் ஒழுகி, கீழே தரையில் பரப்பிய கூளம் கட்டிதட்டிக் கிடந்தது. காற்றில் அம்மோனியா பத்து லட்சத்தில் 25 பங்கைத் தாண்டக்கூடாது என்பது பொதுவான கணக்கு. தாண்டினால் மூச்சுக்குழாயில் அழுக்கைத் தள்ளிவிடும் நுண்ணிய மயிரிழைகள் கெட்டுப்போகும், அப்புறம் ஈ.கோலை போன்ற கிருமிகளுக்குக் கதவு திறந்த மாதிரிதான். காற்றைச் சரிசெய்யாமல் மருந்தை மாற்றி மாற்றி ஊற்றி என்ன பயன்? ஒரு பிடி கூளத்தை எடுத்து இறுக்கிப் பாருங்கள். கையைத் திறந்ததும் உதிர்ந்தால் சரி. உருண்டையாகவே நின்றால் ஈரம் அதிகம்.

சரி, பாக்டீரியாதான் என்று பரிசோதனையில் தெரிந்து, மருத்துவரும் எழுதிக் கொடுத்துவிட்டார். அப்போதும் மூடியால் குத்துமதிப்பாக அளந்து ஊற்றாதீர்கள். அளவு, கோழிகளின் மொத்த எடையையும் அவை குடிக்கும் தண்ணீரையும் வைத்துப் போடுவது. நோயுற்ற கோழி குறைவாகக் குடிக்கும். டெட்ராசைக்ளின் வகை மருந்து உப்புத் தண்ணீரில் உள்ள கால்சியத்தோடு சேர்ந்துகொண்டால் கோழியின் உடம்பில் சரியாக ஏறாது. மருந்து குறைந்தால் தாக்குப்பிடித்த கிருமி பெருகும். பென்சிலினைக் கண்டறிந்த ஃபிளெமிங் 1945இல் நோபல் உரையிலேயே இதை எச்சரித்துவிட்டார். தும்மல் நின்றதும் மருந்தை நிறுத்துவதும் வேண்டாம். சொன்ன நாள்வரை கொடுங்கள்.

தாக்குப்பிடிக்கும் அந்தத் திறன் கோழியோடு நிற்காது. எருவாகப் போகும் கூளத்தில் போகும், வேலை செய்கிறவர் கையில் போகும். மனிதருக்கு வேறு எதுவும் கேட்காதபோது கடைசியாகக் கொடுக்கும் கொலிஸ்டினையே பல நாடுகளில் தீவனத்தில் கலந்தார்கள். அதை எதிர்க்கும் மரபணு ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவது 2015இல் சீனாவிலிருந்து தெரியவந்தது. எடை கூடுவதற்காகத் தீவனத்தில் ஆன்டிபயாட்டிக் கலப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006இலேயே தடை செய்துவிட்டது. அங்கே கோழிப் பண்ணைகள் ஒன்றும் மூடிப்போகவில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். அதனால் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கடைசி மருந்துக்கும் விற்பனைக்கும் நடுவே எத்தனை நாள் விட வேண்டும் என்று பாட்டிலிலேயே போட்டிருக்கும். மருந்துக்கு மருந்து அது மாறும். முட்டைக்கோழிக்குக் கொடுக்கவே கூடாதவையும் உண்டு. சாப்பிடுகிறவர்களுக்கு: நன்றாக வேகவைத்தால் கிருமி சாகும், மருந்தின் எச்சம் முழுக்கப் போய்விடும் என்று சொல்ல முடியாது. அதைப் பண்ணையிலேயேதான் தடுக்க வேண்டும். ஆகவே கொட்டகையில் ஒரு நோட்டைத் தொங்கவிடுங்கள். என்ன மருந்து, கடைசியாகக் கொடுத்த தேதி, எந்தத் தேதிக்கு மேல் விற்கலாம், அவ்வளவு போதும். பேனாவையும் கயிற்றில் கட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் மறுநாளே காணாமல் போய்விடும். வணக்கம்.